மரபுவழி நொதி மாறுபாடுகளும் கருப்பேறும்: பரிசோதனை அறிக்கையை எப்படி வாசிப்பது?

நெல்லிக்கனி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு அடுத்தடுத்து முதல் மூன்று மாதங்களுக்குள்ளாகவே கரு கலைந்ததால், தனியார் ஆய்வகம் ஒன்றில் இரத்த உறைவு தொடர்பான மரபணுப் பரிசோதனைகளைத் தொகுப்பாகச் செய்யச் சொன்னார்கள். தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரு பிரதிகள் வரும் எம்.டி.எச்.எஃப்.ஆர் என்ற மரபணுவின் 677ஆம் இடத்தில் ஒரு பிரதியிலும், 1298ஆம் இடத்தில் ஒரு பிரதியிலும் மாறுபாடு உள்ளதாக அறிக்கையில் சிவப்பு எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். அடுத்த முறை கரு தரித்தவுடன் தொடங்கிப் பிரசவம் வரை நாள்தோறும் இரத்த உறைவைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்றும், சாதாரண ஃபோலிக் அமில மாத்திரை என் உடலில் வேலை செய்யாது, விலை கூடிய மெத்தில்ஃபோலேட் மாத்திரைதான் வேண்டும் என்றும் சொல்கிறார்கள். என் நாத்தனார் ஒரு படி மேலே போய், ஃபோலிக் அமிலம் எனக்கு நஞ்சு என்கிறார். கரு கலைந்ததற்கு இந்த மாறுபாடுதான் காரணமா? திருமணமாகவிருக்கும் என் தங்கைக்கும் இதே பரிசோதனையைச் செய்ய வேண்டுமா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

வேதிக்கூடம் எழுதியது:

சகோதரி, அந்த மரபணு உருவாக்கும் நொதி உடலில் என்ன வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். நான் மருத்துவன் அல்லன். கல்லூரியில் உயிர்வேதியியல் கற்பிப்பவன்.

கீரை, பயறு, ஈரல் போன்றவற்றிலிருந்தும் மாத்திரையிலிருந்தும் கிடைக்கும் ஃபோலேட், உடலுக்குள் பல வடிவங்களுக்கு மாறிக்கொண்டே இருக்கிறது. அவற்றில் ஒரு வடிவத்தை மெத்தில்ஃபோலேட்டாக மாற்றுவதுதான் இந்த நொதியின் வேலை. அந்த மெத்தில்ஃபோலேட், வைட்டமின் பி12இன் துணையுடன், ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தை மெத்தியோனினாக மாற்ற உதவுகிறது. எனவே நொதியின் வேகம் மிகவும் குறைந்தால், அல்லது ஃபோலேட்டோ பி12ஓ பற்றாக்குறையானால், இரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் தேங்கும்.

677ஆம் இடத்து மாறுபாட்டை 1995இல் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் ரீமா ரோசன் குழுவினர் இனங்கண்டார்கள். மரபணுவில் ஓர் எழுத்து மாறுவதால், நொதியின் 222ஆம் இடத்தில் அலனினுக்குப் பதிலாக வேலின் வந்து அமர்கிறது. அப்படி மாறிய நொதிக்கு, ரைபோஃபிளேவினிலிருந்து உருவாகும் எஃப்.ஏ.டி என்ற துணைக்காரணியைப் பிடித்து வைத்திருக்கும் வலு குறைவு. ஆனால் சுற்றிலும் ஃபோலேட் போதிய அளவில் இருந்தால் அந்தப் பிடி தளர்வதில்லை. ஒரு பிரதி மட்டும் மாறியவர்களுக்கு நொதியின் செயல்திறன் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கும், இரு பிரதிகளும் மாறியவர்களுக்கு ஏறத்தாழ 30 விழுக்காடும் எஞ்சியிருக்கும். மூன்று மதகுகளில் ஒன்று மட்டுமே திறந்திருந்தாலும் ஏரி நிறைந்திருந்தால் கடைமடை வயலுக்கும் நீர் போய்ச் சேரும் என்பது போல, ஃபோலேட் நிறைவாக உள்ளவர்களுக்கு இந்தக் குறைவு வெளியே தெரிவதே இல்லை.

இன்னொன்று, இது அரிதான மாறுபாடும் அன்று. ஐரோப்பிய வழியினரில் பத்துப் பேரில் ஒருவருக்கு இரு பிரதிகளிலும் 677ஆம் இட மாறுபாடு உண்டு. மெக்சிகோவிலும் இத்தாலியின் சில பகுதிகளிலும் அது இன்னும் கூடுதல். இந்தியாவில் 677 குறைவு, 1298 மிகப் பரவலானது. தெருவில் போகிறவர்களை நிறுத்திப் பரிசோதித்தாலும் ஏராளமானோருக்குச் சிவப்பு எழுத்து விழும். அவர்களில் பெரும்பாலோர் நல்லபடியாகப் பிள்ளை பெற்றவர்களாகவே இருப்பார்கள்.

தாரகை எழுதியது:

வேதிக்கூடம் ஐயாவின் விளக்கம் தெளிவாக இருந்தாலும், முடிவைச் சற்று அவசரமாக எட்டிவிட்டார் என்று கருதுகிறேன். இரு பிரதிகளும் மாறிய தாய்மார்களின் குழந்தைகளுக்கு நரம்புக்குழல் குறைபாடு (மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழல் சரியாக மூடாமல் போவது) கூடுதலாக வருவதாக 1995 முதலே ஆய்வுகள் வந்துள்ளன. நம் நாட்டில் ஹோமோசிஸ்டீன் உயர்ந்திருப்பவர்கள் மிகுதி என்பதும் அறியப்பட்டதே. மாறுபாடு பரவலானது என்பதாலேயே அது தீங்கற்றது என்று ஆகிவிடுமா? சர்க்கரை நோய்கூடப் பரவலானதுதான்.

பிரசவஅறை எழுதியது:

மகப்பேறு மருத்துவத்தில் நீண்ட காலமாகப் பணியாற்றுபவள் என்ற முறையில் இருவருக்கும் சேர்த்தே மறுமொழி எழுதுகிறேன்.

தாரகை சொல்லும் நரம்புக்குழல் தொடர்பு உண்மையானதே. ஆனால் அதற்கான மருத்துவம் என்ன என்பதைப் பாருங்கள். ஏழு நாடுகளில் 33 மையங்களில் நடந்து 1991இல் வெளியான பிரித்தானிய மருத்துவ ஆய்வு மன்றத்தின் ஆய்வில், முன்பு அத்தகைய குழந்தையைப் பெற்ற தாய்மார்களுக்குக் கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே நாள்தோறும் 4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் கொடுத்தபோது, குறைபாடு மீண்டும் வருவது 72 விழுக்காடு குறைந்தது. கொடுக்கப்பட்டது சாதாரண ஃபோலிக் அமிலம்தான், மெத்தில்ஃபோலேட் அன்று. நரம்புக்குழல் குறைபாட்டைத் தடுக்கிறது என்று மனிதர்களிடம் ஆய்ந்து நிறுவப்பட்ட வடிவமும் அது ஒன்றே. ஒரே அளவு ஃபோலிக் அமிலம் உட்கொள்ளும்போது, இரு பிரதிகளும் மாறியவர்களின் இரத்த ஃபோலேட், மாறாதவர்களுடையதைவிட ஏறத்தாழ 16 விழுக்காடு மட்டுமே குறைவு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் கூறுகிறது. எனவே நெல்லிக்கனியின் உடலில் ஃபோலிக் அமிலம் வேலை செய்யாது என்பதும், அது நஞ்சு என்பதும் அடிப்படையற்ற பேச்சு. கருவின் நரம்புக்குழல் கருவுற்ற 28 நாள்களுக்குள் மூடிவிடுவதால், நாள் தள்ளிப்போன பிறகு மாத்திரையைத் தொடங்குவது பெரும்பாலும் காலம் கடந்த செயல். கருத்தரிக்க எண்ணும்போதே நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் தொடங்கிவிட வேண்டும். முன்பு அத்தகைய குழந்தை பிறந்திருந்தால் உயர்ந்த அளவு தேவைப்படும்.

கரு கலைவதைப் பொறுத்தவரை நிலைமை வேறு. எம்.டி.எச்.எஃப்.ஆர் பரிசோதனையைத் தொடர் கருச்சிதைவுக்காகவோ இரத்த உறைவுத் தன்மையை அறிவதற்காகவோ செய்ய வேண்டாம் என்று அமெரிக்க மருத்துவ மரபியல் கல்லூரி 2013இலேயே வழிகாட்டியது. அந்நாட்டு மகப்பேறு மருத்துவர் கல்லூரியின் நிலைப்பாடும் அதுவே. மேலும், உண்மையாகவே இரத்த உறைவைத் தூண்டும் மரபுக் குறைபாடுகள், அதாவது காரணி ஐந்து லைடன் போன்றவை, உடைய பெண்களிடம் ஹெப்பாரின் ஊசியைச் சோதித்த அலைஃப் 2 என்ற ஆய்வு 2023இல் வெளியானது. ஊசி போட்டுக்கொண்டவர்களில் 72 விழுக்காட்டினரும், போட்டுக்கொள்ளாதவர்களில் 71 விழுக்காட்டினரும் உயிருள்ள குழந்தையைப் பெற்றார்கள். மெய்யான உறைவுக் குறைபாட்டிலேயே ஊசியால் பயன் இல்லை என்றால், பரவலான ஒரு நொதி மாறுபாட்டுக்காக ஒன்பது மாதம் வயிற்றில் குத்திக்கொள்வதற்கு என்ன நியாயம் இருக்கிறது?

ஒரு முக்கியமான எச்சரிக்கை. இரத்தத்தை உறையவைத்துக் கருவையும் கலைக்கக்கூடிய ஆன்டிபாஸ்போலிபிட் நோய்க்குறி என்பது மரபில் வருவதன்று. உடலின் எதிர்ப்பாற்றல் பிறழ்வால் வருவது. அது இருப்பவர்களுக்கு ஆஸ்பிரினும் ஹெப்பாரினும் உறுதியாகப் பயன்தரும். ஆகவே உங்கள் மருத்துவர் ஊசியை எதற்காகப் பரிந்துரைத்தார் என்பதை நேரடியாகக் கேளுங்கள். இங்கு நான் எழுதியதைக் கொண்டு நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். ஆன்டிபாஸ்போலிபிட் எதிர்ப்பொருள்கள், கருப்பையின் அமைப்பு, தைராய்டு, சர்க்கரை, தேவையானால் தம்பதியர் இருவரின் குரோமோசோம் பரிசோதனை ஆகியவை செய்யப்பட்டனவா என்று பாருங்கள். முதல் மூன்று மாதங்களில் கலையும் கருக்களில் ஏறத்தாழப் பாதிக்குக் கருவின் குரோமோசோம் எண்ணிக்கைப் பிழையே காரணம். தங்கைக்கு இந்தப் பரிசோதனை தேவையில்லை. ஃபோலிக் அமில மாத்திரை தேவை.

வேதிக்கூடம் எழுதியது:

தாரகை எழுப்பிய ஹோமோசிஸ்டீன் கேள்விக்கு மட்டும் சிறிது சேர்க்கிறேன். நம் நாட்டில் அது உயர்ந்திருப்பதற்கு முதன்மையான காரணம் பி12 பற்றாக்குறையே அன்றி இந்த மரபணு அன்று. புனேயைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் நடந்த தாய்மார் ஊட்டச்சத்து ஆய்வில், கர்ப்பிணிகளில் மூன்றில் இரு பங்கினருக்குப் பி12 குறைந்திருந்தது. ஃபோலேட் குறைந்தவர் ஒரே ஒருவர்தான். அப்படியிருக்க மரபணுவைத் தேடிப் பல ஆயிரம் ரூபாய் செலவழிக்கும் இடத்தில் யாரும் பி12 அளவைப் பார்க்காமல் விடுவது எனக்குப் புரிவதில்லை.

இதய நோய்க்கும் இதே கதைதான். ஹோமோசிஸ்டீனைக் குறைத்தால் மாரடைப்பு குறையும் என்று நம்பி ஆயிரக்கணக்கானோரிடம் வைட்டமின்களைக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வுகள் 2006இல் வெளியாயின. இரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் குறைந்தது, மாரடைப்பு குறையவில்லை.

ஃபோலேட்டின் வரலாற்றில் நமக்கும் ஓர் இடம் உண்டு என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். கர்ப்பிணிகளின் கடும் இரத்தசோகையை ஆராய 1928இல் பம்பாய்க்கு வந்த லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும், பின்னர் சென்னை கோஷா ஆஸ்பத்திரியிலும் பணியாற்றினார். ஈஸ்ட் சாற்றைக் கொடுத்தால் அந்த இரத்தசோகை தீர்கிறது என்பதை அவர் 1931இல் வெளியிட்டார். அச்சாற்றில் இருந்த பொருளே பிற்பாடு ஃபோலிக் அமிலம் என அறியப்பட்டது.

தாரகை எழுதியது:

பி12 பற்றிய கருத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஆயினும் இந்த இழையைப் படிப்பவர்கள், நொதி மாறுபாடுகள் எல்லாமே வணிக நோக்கில் பெரிதாக்கப்பட்டவை என்ற எண்ணத்துடன் போய்விடக் கூடாது. கருப்பேற்றை உண்மையாகவே புரட்டிப் போடும் நொதிக் குறைபாடு எதுவும் இல்லையா?

வேதிக்கூடம் எழுதியது:

இருக்கின்றன. அவற்றில் பாடப்புத்தக எடுத்துக்காட்டாக நிற்பது ஃபினைல்கீட்டோனூரியா. உணவுப் புரதத்திலுள்ள ஃபினைல்அலனினைக் கல்லீரலில் டைரோசினாக மாற்றும் நொதி, இரு பிரதிகளும் பழுதானதால் செயலிழந்துபோகும் நோய் இது. 1934இல் நார்வேயில் அஸ்பியோர்ன் ஃபோலிங் என்ற மருத்துவர், மனவளர்ச்சி குன்றிய இரு உடன்பிறப்புகளின் சிறுநீரில் ஃபெரிக் குளோரைடு கலந்தபோது பச்சை நிறம் தோன்றியதைக் கொண்டு இதைக் கண்டறிந்தார். 1950களில் ஃபினைல்அலனின் குறைந்த உணவுமுறை வந்தது. 1960களில் பிறந்த குழந்தையின் குதிகாலிலிருந்து எடுத்த ஓரிரு துளி இரத்தத்தில் கண்டறியும் கத்ரி பரிசோதனை மேலை நாடுகளில் பரவியது. குழந்தைகள் மூளைப் பாதிப்பின்றி வளர்ந்தார்கள். மூளை வளர்ந்து முடிந்தபின் உணவுக் கட்டுப்பாடு தேவையில்லை என்று அன்றைய மருத்துவர்கள் கருதியதால், பலர் சிறுவயதிலேயே அதைக் கைவிட்டார்கள்.

அந்தச் சிறுமிகள் வளர்ந்து தாய்மார்கள் ஆனபோதுதான் பேரிடி விழுந்தது. தந்தை அந்த மாறுபாடு அற்றவராக இருந்தால் குழந்தைக்கு ஒரு பிரதி மட்டுமே போகும். குழந்தையின் நொதி போதுமான அளவில் வேலை செய்யும். அதற்கு ஃபினைல்கீட்டோனூரியா கிடையாது. இருந்தும் அக்குழந்தைகள் சிறுத்த தலையுடனும் மனவளர்ச்சிக் குறையுடனும் பிறந்தன. தாயின் இரத்தத்தில் தேங்கிய ஃபினைல்அலனினை நஞ்சுக்கொடி மேலும் செறிவாக்கிக் கருவுக்கு அனுப்பியதே காரணம். லெங்கி, லெவி ஆகிய இருவர் 1980இல் தொகுத்து வெளியிட்ட தரவுகளின்படி, தாயின் இரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமும் அதற்கு மேலும் ஃபினைல்அலனின் இருந்த கருத்தரிப்புகளில் பிறந்த குழந்தைகளில் 92 விழுக்காட்டினருக்கு மனவளர்ச்சிக் குறையும், 73 விழுக்காட்டினருக்குச் சிறுதலையும், 12 விழுக்காட்டினருக்குப் பிறவி இதயக் குறைபாடும் இருந்தன.

பின்னர் 1984இல் தொடங்கிப் பல நாடுகள் சேர்ந்து நடத்திய ஆய்வு, கருத்தரிப்பதற்கு முன்பே தாய் உணவுக் கட்டுப்பாட்டுக்குத் திரும்பி இரத்த அளவை 2 முதல் 6 மில்லிகிராமுக்குள் வைத்திருந்தால் குழந்தை இயல்பாகப் பிறக்கும் என்பதை உறுதிப்படுத்தியது. மரபணு மாறவில்லை, நொதியும் மாறவில்லை. அதன்மேல் ஏறிய சுமையை மட்டும் குறைத்தார்கள். எனவே மாறுபாடு உண்டா இல்லையா என்று கேட்பதோடு நிற்காமல், அது தாயுடையதா கருவினுடையதா, எவ்வளவு செயல்திறன் எஞ்சியிருக்கிறது, எந்தச் சூழலில் அதற்குச் சுமை கூடுகிறது என்ற மூன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. நெல்லிக்கனியின் அறிக்கையில் முதல் கேள்விக்கு மட்டுமே விடை இருக்கிறது.

பிரசவஅறை எழுதியது:

வேதிக்கூடம் சொன்னதற்கு நேர் எதிர்த் திசையிலும் நடக்கும் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கருவின் நொதிக் குறைபாடு தாயைச் சாவின் விளிம்புக்குக் கொண்டுபோன நிகழ்வுகளும் உண்டு.

நீண்ட சங்கிலிக் கொழுப்பு அமிலங்களை மைட்டோகாண்ட்ரியாவில் எரிக்கும் நொதிகளில் ஒன்று எல்கேட் எனப்படுவது. அதன் 474ஆம் இடத்தில் குளூட்டமேட்டுக்குப் பதிலாக குளூட்டமைன் அமரும் மாறுபாடு ஒன்று உண்டு. தாய்க்கும் தந்தைக்கும் ஒவ்வொரு பிரதி மட்டும் இருந்தால் இருவரும் நலமாகவே இருப்பார்கள். கரு இரண்டு பிரதிகளையும் பெற்றுவிட்டால், அதன் நஞ்சுக்கொடியாலும் கொழுப்பு அமிலங்களை முழுமையாக எரிக்க இயலாது. எரியாமல் மிஞ்சிய இடைப்பொருள்கள் தாயின் இரத்தத்தில் சேர்கின்றன என்றே கருதப்படுகிறது. ஒரு பிரதி குறைந்த தாயின் கல்லீரல் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் அதைத் தாங்குவதில்லை. 1999இல் வெளியான இப்தா குழுவினரின் ஆய்வில், இந்த மாறுபாடுடைய கருவைச் சுமந்த தாய்மார்களில் 79 விழுக்காட்டினருக்குக் கர்ப்பகாலக் கடுங்கொழுப்புக் கல்லீரலோ, செங்குருதியணுக்கள் சிதைந்து தட்டணுக்கள் குறையும் ஹெல்ப் நோய்க்குறியோ வந்தது.

இதன் நடைமுறைப் பயன் பெரிது. கடுங்கொழுப்புக் கல்லீரலால் அவசரமாகப் பிரசவிக்க வைக்கப்பட்ட தாய் தேறி வீடு திரும்பியதும் எல்லோரும் நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். ஆனால் அந்தக் குழந்தைக்கு இக்குறைபாடு இருந்தால், சில மாதங்கள் கழித்து ஒரு சாதாரணக் காய்ச்சலில் பால் குடிக்காமல் தூங்கும் இரவில் சர்க்கரை சரிந்து உயிர் போய்விடக்கூடும். ஆகையால் அத்தகைய பிரசவத்தில் பிறந்த குழந்தைக்கு, எரியாமல் மிஞ்சிய கொழுப்பு அமிலங்களை இரத்தத்தில் காட்டும் அசைல்கார்னிடின் பரிசோதனை செய்துவிட வேண்டும். நீண்ட நேரம் பட்டினி கிடக்கவிடாமல் பாலூட்டுவதும், நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு கொண்ட உணவும் பல குழந்தைகளைக் காப்பாற்றியிருக்கின்றன. இந்தக் குறிப்பிட்ட மாறுபாடு பின்லாந்து, போலந்து பகுதிகளில் மிகுதி. ஆயினும் கொழுப்பு அமில எரிப்பில் பிற குறைபாடுகள் எந்த நாட்டிலும் வரலாம்.

நஞ்சுக்கொடியின் நொதிகள் இன்னும் விந்தையானவை. ஸ்டீராய்டு சல்ஃபடேஸ் குறைந்த ஆண் கருவைச் சுமக்கும் தாய்க்கு எஸ்டிரியோல் என்ற ஈஸ்ட்ரோஜன் வகை ஹார்மோன் மிகவும் குறைந்திருக்கும். பிரசவ வலி தாமதமாகலாம். குழந்தைக்குப் பின்னாளில் மீன் செதில் போன்ற தோல் வரும். அரோமடேஸ் இல்லாத நஞ்சுக்கொடியால் ஆண் ஹார்மோன்களை ஈஸ்ட்ரோஜனாக மாற்ற முடியாமல், கர்ப்பிணியின் குரல் தடித்து முகத்தில் முடி வளர்ந்ததை 1991இல் ஜப்பானிய மருத்துவர்கள் பதிவு செய்தார்கள்.

நெல்லிக்கனி எழுதியது:

விரிவான மறுமொழிகளுக்கு நன்றி. என் பி12 அளவை யாரும் இதுவரை பார்க்கவில்லை என்பது அறிக்கைகளைப் புரட்டியபோது தெரிந்தது. ஓர் ஐயம்: ஒரு பிரதி மட்டும் குறைந்தவர்கள் நலமாகவே இருப்பார்கள் என்கிறீர்கள், அப்படியானால் அவர்களுக்குத் தங்கள் சொந்தக் குறைபாட்டால் கர்ப்பத்தில் எதுவுமே நேராதா?

பிரசவஅறை எழுதியது:

பெரும்பாலான நொதிகளில் பாதியளவே வாழ்நாள் முழுவதற்கும் போதுமானது. விலக்காக ஆர்னித்தின் டிரான்ஸ்கார்பமைலேஸ் என்ற நொதியைச் சொல்லலாம். அம்மோனியாவை யூரியாவாக்கும் தொடரில் ஒன்றான இது எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. ஒரு பிரதி குறைந்த பெண்கள் பலர் தமக்கு அது இருப்பதை அறியாமலேயே இருப்பார்கள். சிலருக்குச் சிறுவயது முதலே இறைச்சி, பருப்பின்மேல் காரணம் தெரியாத வெறுப்பு மட்டும் இருக்கும். பிரசவத்துக்குப்பின் கருப்பை சுருங்கும்போது அதன் புரதம் உடைந்து நைட்ரஜன் சுமை திடீரெனக் கூடுவதால், ஓரிரு வாரங்களுக்குள் அம்மோனியா ஏறி, தாய் பிதற்றத் தொடங்கி, மயக்கத்தில் ஆழலாம். அதைப் பிரசவகால மனநோய் என்று நினைத்து விட்டுவிடுவதுதான் ஆபத்து. குழம்பிப் பேசும் புதுத்தாய்க்கு இரத்த அம்மோனியா பார்ப்பது எளிய செயல்.

கொங்குவாசி எழுதியது:

இந்த இழைக்குப் பொருந்துமா என்று தெரியவில்லை. நான் ஆரிய வைசியர் குடும்பத்தைச் சேர்ந்தவன். என் சித்திக்குச் சிசேரியன் அறுவை முடிந்தபின் பல மணி நேரம் தானாக மூச்சு விட இயலாமல், செயற்கைச் சுவாசத்தில் வைத்திருந்தார்கள். மயக்க மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று மட்டும் சொல்லி அனுப்பினார்கள். என் தங்கை இப்போது கருவுற்றிருக்கிறாள். அவளுக்கும் இது நேருமா?

மயக்கவியல் எழுதியது:

பொருந்தாமல் என்ன, தம்பி. இந்த இழையிலேயே நம் ஊருக்கு மிக நெருக்கமான செய்தி நீங்கள் எழுதியதுதான். நான் மயக்கவியல் மருத்துவன்.

முழு மயக்கம் கொடுக்கும்போது மூச்சுக்குழாயில் குழல் செலுத்துவதற்காகத் தசைகளைத் தளர்த்தும் சக்சினைல்கோலின் என்ற மருந்தைப் பயன்படுத்துகிறோம். அறுவை அரங்கில் அதை ஸ்கோலின் என்போம். இரத்தத்திலுள்ள பியூட்டிரில்கோலினெஸ்டரேஸ் என்ற நொதி சில நிமிடங்களில் அதை உடைத்துவிடும். அந்த நொதி இல்லாதவர்களுக்கு அதே அளவு மருந்து பல மணி நேரம் நீடிக்கும். தசைகள் அசையாததால் மூச்சும் வராது. ஆரிய வைசியர்களிடையே இக்குறைபாடு மற்ற சமூகத்தினரைவிட ஏறத்தாழ 100 மடங்கு கூடுதல் என்பது தென்னிந்திய மயக்கவியலர் அனைவருக்கும் தெரிந்த ஒன்று. அதற்குரிய மரபணு மாறுபாட்டை, அதாவது 307ஆம் இடத்தில் லூசினுக்குப் பதிலாகப் புரோலின் வருவதை, கோவை பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்டார்கள்.

கர்ப்ப காலத்தில் எல்லாப் பெண்களுக்குமே இந்த நொதி ஏறத்தாழக் கால் பங்கு குறையும். இயல்பானவர்களுக்கு அதனால் தொல்லை இல்லை. இரு பிரதிகளும் பழுதானவர்களுக்கோ இந்த ஒரு மருந்து கிடைக்கும் வரை வாழ்நாள் முழுவதும் எந்த நோயும் தெரியாது. அவசரச் சிசேரியனில்தான் முதல்முறையாக வெளிப்படும். வெளிப்பட்டாலும் பீதி வேண்டியதில்லை: மயக்கத்தில் வைத்திருந்து, மருந்தின் தாக்கம் தானாகத் தீரும் வரை செயற்கைச் சுவாசம் கொடுத்தால் போதும்.

உங்கள் தங்கைக்கு இப்போதே இரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் அளவைப் பாருங்கள். செலவு குறைந்த பரிசோதனை. மரபணு ஆய்வு தேவையில்லை. பழைய பாடநூல்களில் உள்ள, நொதியின் தன்மையை அளக்கும் டிபுகெய்ன் எண் இந்த மாறுபாட்டில் அவ்வளவு உதவாது, ஏனெனில் இங்கே நொதியே இருப்பதில்லை. இல்லாததன் தன்மையை அளக்க முடியாது. அளவு குறைந்திருந்தால், 'சக்சினைல்கோலின், மிவாகியூரியம் கூடாது' என்று மகப்பேற்று அட்டையின் முதல் பக்கத்தில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். மிவாகியூரியமும் இதே நொதியால் உடையும் தசைத் தளர்த்தி மருந்துதான். முதுகில் ஊசி போட்டுச் செய்யும் சிசேரியனுக்கு இம்மருந்து தேவைப்படுவதில்லை. அவசரத்தில் முழு மயக்கம் தேவைப்பட்டாலும் ரோகுரோனியம் என்ற மாற்று இருக்கிறது. சித்தியின் இரத்தத்தையும் பாருங்கள். அவருக்கு உண்மையில் நேர்ந்தது இதுதானா என்பது அப்போது உறுதியாகும்.

செங்காந்தள் எழுதியது:

இதற்கெல்லாம் நெருங்கிய உறவில் மணம் முடிப்பதுதான் மூலகாரணம். அத்தை மகள், தாய்மாமன் என்று தேடாமல் இருந்தால் பாதி நோய்கள் வராது.

வேதிக்கூடம் எழுதியது:

பாதி உண்மை. தாய்மாமனை மணந்தவளின் குழந்தைக்கு, ஒரு மரபணுவின் இரு பிரதிகளும் ஒரே மூதாதையிடமிருந்து வந்து சேரும் வாய்ப்பு எட்டில் ஒன்று. அத்தை மகன், மாமன் மகள் மணத்தில் பதினாறில் ஒன்று. அரிய குறைபாடுகளில் இது பெரிய வேறுபாட்டை உண்டாக்கும். ஆனால் வைசியர் நிலைமை அதுவன்று. ஐதராபாத்தின் செல், மூலக்கூறு உயிரியல் மையத்தினரும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து 2009இல் வெளியிட்ட ஆய்வின்படி, அச்சமூகம் நூறு தலைமுறைகளுக்கும் மேலாகத் தனக்குள்ளேயே மணம் செய்து வந்திருக்கிறது. அதனால் நேரடி உறவே இல்லாத இருவர் மணந்தாலும், தொலைதூர மூதாதை ஒருவரின் அதே மாறுபாடு இருவரிடமும் இருக்கக்கூடும். உறவு மணத்தைத் தவிர்ப்பது மட்டும் அங்கே விடையாகாது.

மட்டுறுத்துநர்:

சமூகப் பெயர்கள் மருத்துவத் தேவைக்காக மட்டும் குறிப்பிடப்படுவதை அனுமதிக்கிறோம். திருமண வழக்கங்கள் பற்றிய பொது விவாதத்துக்குத் தனி இழை உள்ளது. செங்காந்தளின் அடுத்தடுத்த பதிவுகள் அங்கே மாற்றப்பட்டுள்ளன.

வன்னிமண் எழுதியது:

வணக்கம். நான் வவுனியாவிலிருந்து எழுதுகிறேன். என்னுடைய மூத்த மகனுக்குப் பிறந்த உடனேயே கடும் மஞ்சட்காமாலை வந்து, ஒளிச் சிகிச்சை அளித்தார்கள். ஜி6பிடி நொதியம் குறைவு என்று பின்னர் வைத்தியர்கள் கூறினார்கள். மனைவி மீண்டும் கருவுற்றிருக்கிறார். அவருக்கும் பரிசோதித்தார்கள், இயல்பு என்று அறிக்கை வந்தது. முன்பு எங்கள் பகுதியில் மலேரியாவுக்காகப் பிரைமாகுவின் குளிசை கொடுத்த காலத்தில் சிலருக்குச் சிறுநீர் கறுத்துப்போனதை முதியவர்கள் சொல்வார்கள். இந்த முறை நாங்கள் எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பிரசவஅறை எழுதியது:

அந்த முதியவர்கள் சொல்வது முற்றிலும் பொருத்தமானதே. பிரைமாகுவின் சிலருக்கு மட்டும் செங்குருதியணுக்களைச் சிதைப்பதற்கு, அவ்வணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்ற இந்த நொதியின் குறைவே காரணம் என்று 1956இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டார்கள். உலகில் ஏறத்தாழ 40 கோடிப் பேருக்கு இது உண்டு. இலங்கையில் மலேரியா ஒழிந்துவிட்டதென உலக நலவாழ்வு அமைப்பு 2016இல் சான்றளித்துவிட்டதால் அம்மருந்தை இனி அங்கே அரிதாகவே காண்பீர்கள்; எவ்வாறாயினும் கருவின் ஜி6பிடி நிலையை அறிய வழியில்லாததால் கர்ப்பிணிகளுக்கு அதைக் கொடுப்பதில்லை.

உங்கள் மனைவியின் அறிக்கை இயல்பு என வந்ததை மட்டும் நம்பி இருந்துவிட வேண்டாம். இந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், மகனுக்கு அது பெரும்பாலும் தாயிடமிருந்தே வந்திருக்கும். ஒரு பிரதி குறைந்த பெண்ணின் செங்குருதியணுக்களில் ஒரு பகுதி இயல்பாகவும் மறுபகுதி குறைபாட்டுடனும் கலந்திருக்கும். வழக்கமான ஒளிர்புள்ளிப் பரிசோதனை அத்தகையவர்களைத் தவறவிட்டுவிடும். பிறக்கப்போவது ஆண் குழந்தையானால் குறைபாடு வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு என்றே எண்ணித் திட்டமிடுங்கள். பெண் குழந்தைக்கும் ஓரளவு மஞ்சட்காமாலை வரலாம்.

கர்ப்ப காலத்தில் சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுக்கப்படும் நைட்ரோஃபியூரன்டாயினைக் கடைசி வாரங்களில் தவிர்க்கச் சொல்லுங்கள். சல்ஃபா மருந்துகளுக்கும் டாப்சோனுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். மகனுக்கு இருக்கும் குறைபாட்டைப் பிரசவத்துக்குச் செல்லும்போதே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். பிறந்த குழந்தையைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பாமல், மஞ்சட்காமாலைக்குக் காரணமான பிலிருபின் என்ற நிறமியின் அளவு ஏறும் முதல் நான்கைந்து நாள்களிலும் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும். மிகையாக ஏறினால் அது மூளையைத் தாக்கும். பெட்டியில் நாப்தலின் உருண்டை போட்டு வைத்த பழைய குழந்தைத் துணிகளை எடுத்துப் போர்த்தவே வேண்டாம். அந்த வாடையே இத்தகைய குழந்தைகளின் இரத்தத்தைச் சிதைக்கப் போதுமானது.

குழந்தைக்கு நொதி அளவைப் பார்க்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். இரத்தம் சிதைந்துகொண்டிருக்கும் வேளையில் எடுத்தால், முதிர்ந்த அணுக்கள் அழிந்து, நொதி மிகுந்த இளம் அணுக்களே மிஞ்சியிருப்பதால் முடிவு இயல்பென்று பொய்யாகக் காட்டலாம். ஐயம் தீராவிட்டால் மூன்று மாதம் கழித்து மீண்டும் பாருங்கள்.